நார்வேயில் வெளிச்சம் ஒரு கணக்கு, குளிர் வேறு கணக்கு

நார்வேயைப் பற்றி நம்மவர்கள் பேசும்போது மூன்று செய்திகள் தவறாமல் வரும். அங்கே வருஷம் முழுக்கப் பனி கொட்டும் என்பது ஒன்று. ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு என்பது இன்னொன்று. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், ‘வளைகுடா நீரோட்டம் மட்டும் இல்லாவிட்டால் அந்த நாடே உறைந்துபோயிருக்கும்’ என்பார்கள். முதல் செய்தி தவறு. இரண்டாவது வட துருவப் புள்ளிக்குப் பொருந்தும். நார்வே நிலப்பரப்பின் எந்த ஊருக்கும் பொருந்தாது. மூன்றாவதில் பாதி உண்மை இருக்கிறது. விட்டுப்போன மீதிப் பாதியும் அதே அளவு முக்கியம்.

குழப்பம் எல்லாமே ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. வடக்கே போகப் போக இருட்டும் குளிரும் சேர்ந்தே கூடும் என்று நினைத்துக்கொள்கிறோம். நார்வேயில் அப்படி நடப்பதில்லை. ஓர் ஊருக்கு எந்த மாதத்தில் எவ்வளவு வெளிச்சம் என்பதை அது எவ்வளவு வடக்கே இருக்கிறது என்பது முடிவுசெய்கிறது. அங்கே எவ்வளவு குளிரும் என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்பவை வேறு இரண்டு: கடல் எவ்வளவு பக்கம், மலைக்கு எந்தப் பக்கம். இரண்டு கணக்குகளையும் தனித்தனியாகப் போட்டால் அந்த நாட்டின் பருவங்கள் எளிதில் பிடிபடும்.

நாட்டின் வடிவத்தை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தெற்கு முனையான லிண்டஸ்னெஸ் ஏறத்தாழ 58 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. வடக்கே நார்ட்காப் 71 டிகிரியில். நேர்கோட்டில் அளந்தாலே 1,700 கிலோமீட்டருக்கு மேல். மேற்கே முழுக்கக் கடல், முதுகுப்பக்கம் மலைத்தொடர். பழங்காலப் பனியாறுகள் மலையைக் குடைந்து உண்டாக்கிய ஆழமான பள்ளத்தாக்குகளில் கடல் புகுந்து, நிலத்துக்குள் நீண்டு கிடக்கிறது. அந்தக் கடல் விரல்களுக்கு ஃபியார்டு என்று பெயர். ஃபியார்டுகளையும் தீவுகளையும் சேர்த்து அளந்தால் கடற்கரையின் நீளம் 1 லட்சம் கிலோமீட்டர் வரும். இவ்வளவு கடற்கரை உள்ள நாட்டில் கடல் சும்மா இருக்குமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்று மழை, நாளை வெயில் என்பது வானிலை. ஓர் இடத்தின் வானிலையை 30 ஆண்டுகள் அளந்து எடுக்கும் சராசரிப் போக்குதான் காலநிலை. இப்போது பயன்பாட்டில் இருப்பது 1991 முதல் 2020 வரையிலான சராசரி. இந்தக் கட்டுரையில் வருவது பெரும்பாலும் காலநிலை.

முதல் கணக்கு: வெளிச்சம்

பூமி நிமிர்ந்து சுற்றவில்லை. சுமார் 23.4 டிகிரி சாய்ந்தபடி சுற்றுகிறது. இதை அச்சுச் சாய்வு என்கிறார்கள். ஜூன் மாதத்தில் வட பாதி சூரியனை நோக்கிச் சாய்ந்திருக்கும். டிசம்பரில் விலகிச் சாய்ந்திருக்கும். பருவங்கள் பிறப்பது இதனால்தான். பூமி சூரியனுக்கு அருகில் போவதும் தள்ளிப்போவதும் காரணமல்ல. சொல்லப்போனால் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், நார்வே குளிரில் இருக்கும்போது.

இந்தச் சாய்வால் ஏறத்தாழ 66.5 டிகிரிக்கு வடக்கே உள்ள இடங்களில், கோடையில் ஒரு நாளாவது சூரியன் மறையாமல் இருக்கும். குளிர்காலத்தில் ஒரு நாளாவது உதிக்காமல் இருக்கும். அந்தக் கோடுதான் ஆர்க்டிக் வட்டம். அதைத் தாண்டி வடக்கே போகப் போக இந்த நாட்களின் எண்ணிக்கை கூடும். துருவப் புள்ளியில்தான் அது ஆறு மாதமாகிறது.

69.6 டிகிரியில் இருக்கும் ட்ரோம்சோ நகரத்தை எடுத்துக்கொள்வோம். மே மாதம் 20ஆம் தேதி வாக்கில் தொடங்கி ஜூலை 22 வாக்கில் முடியும் வரை சூரியன் அங்கே மறைவதில்லை. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. சுற்றிலும் மலை இருப்பதால், மேலே வந்த பிறகும் சில நாட்கள் ஊருக்குள் தெரியாது. ஜனவரி 21 வாக்கில் முதல் கதிர் தெரியும் நாளைச் ‘சூரிய நாள்’ என்று கொண்டாடி, அதற்கென்றே இனிப்பு பன் வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

ஆக ஆறு மாதம் இல்லை. இந்தப் பக்கம் இரண்டு மாதம், அந்தப் பக்கம் இரண்டு மாதம். நடுவே உள்ள மாதங்களில் சூரியன் தினமும் உதித்து மறைகிறது. சூரியன் வராத அந்த இரண்டு மாதமும் கும்மிருட்டு என்று நினைக்க வேண்டாம். அடிவானத்துக்குச் சற்றுக் கீழே சூரியன் வந்துபோவதால் நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் மங்கிய வெளிச்சம் இருக்கும். கீழே பனி படிந்திருந்தால் அந்த வெளிச்சம் நீல நிறத்தில் பரவும். தலைநகரம் ஆஸ்லோ ஆர்க்டிக் வட்டத்துக்கு வெகு தெற்கே இருப்பதால் அங்கே சூரியன் உதிக்காத நாளே கிடையாது. மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ ஆறு மணி நேரம். மிக நீண்ட பகல் கிட்டத்தட்ட 19 மணி நேரம்.

சரி, கோடையில் இருபத்துநான்கு மணி நேரமும் வெயில் என்றால் ட்ரோம்சோ கொதிக்க வேண்டாமா? இல்லை. ஜூன் நடுப்பகலில்கூட அங்கே சூரியன் 44 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. ஆஸ்லோவில் டிசம்பர் நடுப்பகலில் சூரியனின் உயரம் 7 டிகிரியைக்கூடத் தொடாது. கதிர் சாய்ந்து விழுந்தால், ஒரு சதுர மீட்டரில் விழ வேண்டிய அதே வெயில் பல சதுர மீட்டருக்குப் பரவிவிடும். 7 டிகிரி உயரத்தில் அது எட்டு மடங்கு பரப்பில் தீற்றப்பட்டுவிடுகிறது. பகலின் நீளம் ஒன்று, வெயிலின் உறைப்பு வேறொன்று.

சாய்ந்த வெயிலின் விளைவை ரியூகான் என்ற ஊரில் கண்ணால் பார்க்கலாம். தெற்கே, ஆழமான பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் சிறு தொழில் நகரம் அது. அங்கே சூரியன் தினமும் உதிக்கத்தான் செய்கிறது. ஆனால் செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை எதிரிலுள்ள மலையைத் தாண்டி ஊருக்குள் எட்டிப்பார்க்காது. அதனால் 1928இல் மக்களை மலைமேல் வெயிலுக்குக் கூட்டிப்போகக் கம்பிவட ஊர்தி (ரோப் கார்) ஒன்றைக் கட்டினார்கள். 2013இல் மலைச்சரிவில் பெரிய கண்ணாடிகளை நிறுவி, கணினி மூலம் அவற்றைத் திருப்பி, ஊர்ச் சதுக்கத்தில் வெயிலை இறக்கிவிட்டார்கள். குளிர்காலத்தில் அந்த வெளிச்சத்தில் வந்து நின்றுவிட்டுப் போகிறார்கள் ஊர்க்காரர்கள்.

இதுவரை பார்த்ததன் சாரம்: அச்சுச் சாய்வு வெளிச்சத்தின் நேரத்தையும் கோணத்தையும் முடிவுசெய்கிறது. இரண்டும் அட்சரேகையைப் பொறுத்தவை. கடலுக்கு இதில் வேலையே இல்லை. அடுத்த கணக்கில்தான் அது வருகிறது.

இரண்டாம் கணக்கு: கடல் ஒரு சேமிப்புக் கிடங்கு

நண்பகலில் கடற்கரை மணலில் செருப்பில்லாமல் ஓடியவர்களுக்குத் தெரியும்: மணல் காலைப் பொசுக்கும், நான்கு எட்டு வைத்துத் தண்ணீரில் இறங்கினால் குளுகுளுவென்று இருக்கும். இரண்டின் மேலும் விழுந்தது ஒரே வெயில்தான். நள்ளிரவில் அதே இடத்துக்குப் போனால் மணல் சில்லிட்டிருக்கும். தண்ணீர் ஏறத்தாழ அப்படியே இருக்கும். நார்வேயின் காலநிலையில் பாதி இதற்குள் அடங்கிவிடுகிறது. அங்கே நடப்பது பகல்–இரவு அளவில் இல்லை, கோடை–குளிர்கால அளவில் நடக்கிறது.

ஒரு பொருளைச் சூடாக்க எவ்வளவு வெப்பம் தேவை என்பதை வெப்பக் கொள்ளளவு என்கிறோம். ஒரு கிலோ மணலை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பத்தைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு, ஒரு கிலோ தண்ணீருக்குத் தேவை. அதோடு, நிலத்தில் வெயில் மேல்தோலை மட்டும் சுடவைக்கிறது. கடலில் அலையும் காற்றும் கலக்கிக் கலக்கிக் கோடை வெப்பத்தைப் பல மீட்டர் ஆழம் வரை இறக்கிவிடுகின்றன. இப்படிச் சேரும் வெப்பத்தின் அளவு திகைக்க வைப்பது. தலைக்கு மேலே உள்ள மொத்தக் காற்றுமண்டலமும் தாங்கும் வெப்பத்தைக் கடலின் மேல்மட்டத்தில் இரண்டரை, மூன்று மீட்டர் நீரே தாங்கிவிடும்.

கோடையில் வாங்கிவைத்த வெப்பத்தைக் கடல் குளிர்காலம் முழுக்கக் காற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. அதனால் கடலோர ஊர்களில் குளிர்காலம் மென்மையாகவும் கோடை மிதமாகவும் இருக்கும். இதைக் கடல்சார் காலநிலை என்பார்கள். கடலை விட்டு வெகுதூரம் உள்ளே இருக்கும் இடங்களில் குளிரும் கடுமை, வெயிலும் கடுமை. அது கண்டம்சார் காலநிலை.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று பார்க்க, 67.5 டிகிரி வடக்கில் இருக்கும் இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று ரோஸ்ட், நார்வேயின் லோஃபோட்டன் தீவுக்கூட்டத்தின் கடைக்கோடியில் இருக்கும் தட்டையான சிறு தீவு. இன்னொன்று வெர்கோயான்ஸ்க், ரஷ்யாவின் சைபீரியாவுக்குள் கடலை விட்டுத் தள்ளிக் கிடக்கும் ஊர். இரண்டும் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, ஏறத்தாழ ஒரே கோட்டில். வருஷத்தில் இரண்டுக்கும் கிடைக்கும் பகல் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஜனவரியில் வெர்கோயான்ஸ்கின் சராசரி வெப்பநிலை மைனஸ் 45 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். ரோஸ்டில் அதே ஜனவரியில் பூஜ்யத்துக்கு மேலே ஒன்றிரண்டு டிகிரி. ஜூலையில் நிலைமை தலைகீழாகிவிடும். ரோஸ்டில் கோடை மாதச் சராசரி 12 டிகிரியைச் சுற்றியே நிற்கும். வெர்கோயான்ஸ்க் அதைவிட வெப்பமாகிவிடும். 1892இல் மைனஸ் 67.8 டிகிரி பதிவான அதே ஊரில்தான் 2020 ஜூன் 20ஆம் தேதி 38 டிகிரி வெயில் பதிவானது. நூறு டிகிரிக்கும் மேல் ஊஞ்சலாடும் ஊர் ஒன்று, வருஷம் முழுக்க ஒரு சிறு வட்டத்துக்குள் நகரும் ஊர் ஒன்று. அட்சரேகை ஒன்றாக இருந்தும் இவ்வளவு வித்தியாசம்.

கடலின் இன்னொரு குணம், தாமதம். வெளிச்சம் உச்சத்தைத் தொடுவது ஜூன் 21 வாக்கில். நார்வேக் கடலோரத்தில் கடல்நீர் மிகச் சூடாக இருப்பது ஆகஸ்டில். வெளிச்சம் மிகக் குறைவது டிசம்பர் 21 வாக்கில். கடலோரத்தில் பல இடங்களில் மிகக் குளிரான மாதம் பிப்ரவரி. சூரியன் திரும்பி வந்து பகல் நீண்டுகொண்டிருக்கும்போது குளிர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். முதல் தடவை போகிறவர்களைக் குழப்புவது இதுதான். ட்ரோம்சோவில் இதுவரை அளக்கப்பட்ட மிக ஆழமான பனி 240 சென்டிமீட்டர். அது பதிவானது ஏதோ டிசம்பர் இருட்டில் இல்லை. 1997 ஏப்ரல் 29ஆம் தேதி, பகல் 17 மணி நேரத்துக்கு மேல் நீண்டுவிட்ட நேரத்தில்.

அப்படியானால் வளைகுடா நீரோட்டம்?

மெக்ஸிகோ வளைகுடாப் பக்கமிருந்து கிளம்பும் சூடான நீரோட்டம் அமெரிக்கக் கரையோரமாக ஏறி, அட்லாண்டிக்கைக் குறுக்கே கடந்து, ஒரு கிளையாக நார்வேக் கரையோரம் வடக்கே போகிறது என்பது உண்மை. ஆனால் அங்கே வந்து சேருவது வெந்நீர் இல்லை. குளிர்காலத்தில் லோஃபோட்டன் பக்கம் கடல்நீர் ஐந்தாறு டிகிரிதான் இருக்கும். அதில் நீண்ட நேரம் கிடந்தால் உயிர் போய்விடும். ஆனால் சுற்றிலும் உள்ள காற்று மைனஸ் பத்துக்குப் போகத் துடிக்கும்போது, ஐந்து டிகிரித் தண்ணீர் ஒரு கணப்புதான்.

கடலில் வெப்பம் இருந்தால் மட்டும் போதாது, அதை நிலத்துக்குக் கொண்டுவர ஆள் வேண்டும். அந்த ஆள், காற்று. ஓர் இடத்தில் ஆண்டின் பெரும்பகுதியில் எந்தத் திசையிலிருந்து காற்று வீசுகிறதோ அதை அந்த இடத்தின் நிலவும் காற்று என்பார்கள். நார்வே இருக்கும் அட்சரேகைகளில் அது மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிறது. அதாவது கடலிலிருந்து நிலத்துக்கு. கோடையில் கடல் சேர்த்த வெப்பம், நீரோட்டம் தெற்கிலிருந்து கொண்டுவந்த வெப்பம் இரண்டையும் வாரிக்கொண்டுபோய் நார்வே மேல் கொட்டுவது இந்தக் காற்று.

காற்றின் பங்கைப் புரிந்துகொள்ள அதே அட்லாண்டிக்கின் எதிர்க்கரைக்குப் போகலாம். கனடாவின் லாப்ரடார் கரை, நார்வேயின் மேற்குக் கரையிலுள்ள பெர்கன் நகரத்தைவிடத் தெற்கே இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே கடல் உறைந்து கிடக்கும். அங்கும் காற்று மேற்கிலிருந்துதான் வருகிறது. ஆனால் அந்தக் கரைக்கு மேற்கே இருப்பது உறைந்த கண்டம். போதாக்குறைக்கு அங்கே கடலில் வடக்கிலிருந்து இறங்குவது குளிர்ந்த நீரோட்டம். இன்னொரு பக்கம், பசிபிக் கரையில் இருக்கும் வான்கூவரில் வளைகுடா நீரோட்டம் கிடையாது. ஆனாலும் கடல்காற்று வீசுவதால் அங்கே குளிர்காலம் மென்மையானது.

ஆகவே நீரோட்டத்துக்கு மட்டும் மாலை போடுவது சரியில்லை. அதற்காக அதைத் தள்ளிவிடவும் முடியாது. நார்வேக் கடலை வடகோடி வரை உறையாமல் வைத்திருப்பதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. கடல் உறைந்துவிட்டால் பனிப்பாளம் ஒரு மூடிபோல அமர்ந்து, கீழே உள்ள வெப்பம் காற்றை எட்டவிடாமல் செய்துவிடும். ஸ்வீடனின் கிருனா சுரங்கத்து இரும்புத்தாது இதற்கு நல்ல சாட்சி. ஸ்வீடனின் சொந்தத் துறைமுகமான லூலியோ தெற்கேதான் இருக்கிறது. ஆனால் பால்டிக் கடலின் அந்த மூலையில் உப்பும் குறைவு, அட்லாண்டிக் நீரும் வந்து சேராது, குளிர்காலத்தில் உறைந்துவிடும். அதனால் இன்னும் வடக்கே, மலையைத் தாண்டி, நார்வேயின் நார்விக் துறைமுகத்துக்கு ரயில்பாதை போட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஜனவரியிலும் அங்கே கப்பலில் தாது ஏறுகிறது. 1940இல் போர்க் கப்பல்கள் நார்விக்குக்காக மோதிக்கொண்டதற்கும் இந்த உறையாத கடல்தான் காரணம்.

சுருக்கமாக: கடல் வெப்பத்தைச் சேமிக்கிறது, நீரோட்டம் கூடுதலாகக் கொஞ்சம் கொண்டுவந்து கடலை உறையாமல் காக்கிறது, காற்று அதை நிலத்துக்குச் சுமந்துவருகிறது. மூன்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் கதை பாதிதான்.

மலை போடும் எல்லை

கடலிலிருந்து வரும் காற்று வெப்பத்தோடு ஈரத்தையும் சுமந்துவருகிறது. மேற்குக் கரையில் மலை செங்குத்தாக எழுந்து நிற்பதால் காற்று மேலேறியாக வேண்டும். மேலேறினால் குளிரும், குளிர்ந்தால் ஈரத்தைத் தாங்க முடியாமல் கொட்டிவிடும். அப்படிக் கொட்டும் இடத்தில் இருக்கிறது பெர்கன். அங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. 2006 அக்டோபர் 29இல் தொடங்கி 2007 ஜனவரி 21 வரை 85 நாட்கள் விடாமல் தினமும் மழை பெய்த ஊர் அது.

மலையைத் தாண்டியதும் காற்று கீழே இறங்கி, சூடேறி, வறண்டுபோகிறது. அந்தப் பக்கம் மழைமறைவுப் பகுதி. உள்நாட்டில் ஷோக் என்ற பள்ளத்தாக்கில் ஆண்டு மழை 300 மில்லிமீட்டர்கூடத் தேறாது. மழையை நம்ப முடியாமல், மலையிலிருந்து வாய்க்கால் கொண்டுவந்து வயலுக்குப் பாய்ச்சிய ஊர் அது. நார்வேயில் பாசன வாய்க்கால் இருக்கும் என்று நம்மில் எத்தனை பேர் நினைத்திருப்போம்!

பெர்கன் மழைக்கு உலக அறிவியல் கடன்பட்டிருக்கிறது. நார்வே வானிலை அறிஞர் வில்ஹெல்ம் பியர்க்னெஸ் 1917இல் அங்கே வந்து, கடற்கரை நெடுக வானிலை அளக்கும் நிலையங்களைப் பரப்பினார். சூடான காற்றுத்திரளும் குளிர்ந்த காற்றுத்திரளும் முட்டிக்கொள்ளும் எல்லையில்தான் மழையும் புயலும் பிறக்கின்றன என்பதை அவரும் அவர் மகன் யாக்கோபும் அவர்களோடு இருந்த இளைஞர்களும் வரைந்து காட்டினார்கள். முதல் உலகப் போர் நடந்த காலம் அது. போர்முனையைக் குறிக்கும் ‘ஃப்ரண்ட்’ என்ற பெயரையே அந்த எல்லைக்கும் வைத்தார்கள். இன்றும் உலகம் முழுக்க வானிலை வரைபடங்களில் நீலப் பற்களும் சிவப்பு அரைவட்டங்களுமாக வரும் கோடுகள் அவைதான்.

மலையும் தூரமும் கடற்காற்றை மறித்துவிட்டால் குளிருக்குக் கட்டுப்பாடு இருக்காது. வடகோடி மாநிலமான ஃபின்மார்க்கின் உட்பகுதியில் இருக்கும் காராஷோக்கில் 1886 ஜனவரி 1ஆம் தேதி மைனஸ் 51.4 டிகிரி பதிவானது. நார்வே நிலப்பரப்பில் இன்றுவரை அதுதான் மிகக் குறைந்த வெப்பநிலை. ஆனால் பக்கத்து ஃபியார்டின் முனை அங்கிருந்து 100 கிலோமீட்டர்கூட இல்லை. இன்னும் வடக்கே, நார்ட்காப்பை ஒட்டிய கடலோரத்தில், ஜனவரிச் சராசரி பூஜ்யத்துக்குக் கீழே மூன்று நான்கு டிகிரிதான். காராஷோக்கில் மைனஸ் 15ஐ ஒட்டி. வடக்கே போனால் வெப்பம் கூடுகிறது என்று சொல்ல வேண்டிய இடம் இது. காராஷோக் பள்ளத்தாக்கில் தெளிந்த குளிர்கால இரவுகளில் கனமான குளிர்காற்று சரிந்து வந்து அடியில் தேங்கிக்கொள்ளும். மேலே சரிவில் குளிர் குறைவாகவும் கீழே கடுமையாகவும் இருக்கும்.

ஃபியார்டுகளின் உள்ளே மலை நல்லதும் செய்கிறது. 60 டிகிரி வடக்கில் ஹார்டாங்கர் ஃபியார்டின் கரையில் ஆப்பிளும் பிளம்ஸும் செர்ரியும் விளைகின்றன. கீழே உறையாத நீர், மேலே காற்றை மறிக்கும் மலை. சரிவு செங்குத்தாக இருப்பதால், தாழ்ந்து வரும் சூரியக் கதிர் அதன்மேல் ஏறக்குறைய நேராக விழுகிறது. முதல் கணக்கில் பார்த்த சாய்வான வெயிலின் குறையை மலைச்சரிவு ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது.

ஒரு நாடு, எத்தனை பருவம்?

நார்வே வானிலை நிறுவனம் பருவத்தைத் தேதியால் மட்டும் பிரிக்காமல் வெப்பநிலையாலும் பிரிக்கிறது. நாளின் சராசரி வெப்பநிலை பொதுவாகப் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் குளிர்காலம். 10 டிகிரிக்கு மேல் இருந்தால் கோடை. இரண்டுக்கும் நடுவே ஏறிக்கொண்டிருந்தால் வசந்தம், இறங்கிக்கொண்டிருந்தால் இலையுதிர்காலம். இந்த அளவுகோலை வைத்தால், ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருக்கும் ரோஸ்டுக்குச் சராசரிக் கணக்கில் குளிர்காலமே கிடையாது. காராஷோக்கில் அது அரை வருஷத்துக்கு மேல்.

பழைய விவசாயிகள் இன்னும் எளிமையாக, இரண்டே பருவமாகப் பிரித்திருந்தார்கள். ப்ரிம்ஸ்டாவ் என்ற மரக் கோல்தான் அவர்களின் நாட்காட்டி. ஒரு பக்கத்தில் கோடை, மறுபக்கத்தில் குளிர்காலம். நாட்களைக் கத்தியால் கீறியிருப்பார்கள். ஏப்ரல் 14இல் கோலைத் திருப்பி மாட்டினால் கோடை, அக்டோபர் 14இல் மறுபடி திருப்பினால் குளிர்காலம். ஏப்ரலில் வெளியே பனி கிடந்தாலும் கோல் கோடையைத்தான் காட்டும். அவர்கள் பார்த்தது வேலையின் போக்கை.

வருஷத்தை ஓட்டமாகப் பார்த்தால் இப்படி இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் உள்நாட்டில் உறுதியான பனி. மேற்குக் கரையில் மழையும் ஈரப்பனியும் மாறி மாறி. மார்ச், ஏப்ரலில் பனியும் இருக்கும், வெயிலும் திரும்பியிருக்கும். ஈஸ்டர் விடுமுறைக்கு மலைக் குடில்களுக்குப் போய், ஆரஞ்சும் சாக்லேட்டும் பையில் போட்டுக்கொண்டு பனிச்சறுக்குப் போவது இந்த நேரத்தில்தான். வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அடிப்பதால் முகம் கருத்துத் திரும்புவார்கள். மே மாதத்தில் தெற்கே பழ மரங்கள் பூக்கும். வடக்கே மே 17 தேசிய நாள் ஊர்வலத்தில் பனி தூறுவதும் உண்டு. மேற்குக் கரையில் மழை குறைவான காலம் மே, ஜூன். ஜூன், ஜூலையில் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகள் நன்றாகவே சுடும். நெஸ்பியன் என்ற ஊரில் 1970 ஜூன் 20ஆம் தேதி 35.6 டிகிரி பதிவாகியிருக்கிறது. ஆகஸ்டில் இருட்டு திரும்பும். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மேற்குக் கரைக்கு அடைமழையும் புயலும்.

ரோஸ்டில் ஒரு கருவாடு காயும்போது

இவ்வளவு காரணங்களும் ஒரே பொருளில் ஒன்றுசேர்வதைப் பார்க்க வேண்டுமென்றால் லோஃபோட்டனின் கருவாட்டைப் பார்க்க வேண்டும்.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, நார்வேக்கு வடக்கே உள்ள பேரண்ட்ஸ் கடலின் காட் மீன்கள் முட்டையிட லோஃபோட்டன் பக்கம் கூட்டமாக இறங்கிவரும். கடல் உறையாததால் நடுக் குளிர்காலத்திலும் படகு போகலாம். பிடித்த மீனின் தலையை வெட்டி, குடலை எடுத்து, இரண்டிரண்டாக வாலைக் கட்டி, மரக் கம்புகளாலான பெரிய பரண்களில் தொங்கவிடுவார்கள். உப்பு ஒரு கல்கூடச் சேர்ப்பதில்லை. பிப்ரவரி, மார்ச்சில் தொங்கவிட்ட மீனை மே, ஜூனில் இறக்குவார்கள்.

உப்பில்லாமல் மீன் கெடாமல் காய்வதற்கு வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்க வேண்டும். சைபீரியாக் குளிர் அடித்தால் மீன் கல்லாக உறைந்து, சதை வெடித்து உதிரும். பத்துப் பதினைந்து டிகிரிக்கு ஏறினால் ஈ மொய்த்துவிடும். கூடவே ஓயாத கடற்காற்றும் வேண்டும். பூஜ்யத்தைச் சுற்றியே நகரும் நீண்ட, காற்றடிக்கும் வசந்தம் ரோஸ்டுக்கும் அக்கம்பக்கத்துத் தீவுகளுக்கும் வாய்த்திருக்கிறது. 1432 ஜனவரியில் கப்பல் உடைந்து ரோஸ்ட் பக்கம் கரையேறிய வெனிஸ் வணிகர் பியெத்ரோ குவெரினி இந்த மீனை வியந்து எழுதிவைத்திருக்கிறார். இன்றும் இதற்குப் பெரிய சந்தை இத்தாலி; காய்ந்த தலைகள் நைஜீரியாவுக்குப் போகின்றன.

வடக்குக் கடலோரத்து மீன்தொழிலுக்கும் நம்மவர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1980களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் பலர் ஃபின்மார்க் கடலோர மீன் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்து, அந்தச் சிற்றூர்களில் குடும்பமாக வாழ்ந்தார்கள். சூரியன் உதிக்காத மாதத்திலும் துறைமுகம் திறந்திருந்து, ஆலைக்கு மீன் வந்துகொண்டிருந்தது.

மான்கள் போடும் கணக்கு

கடலுக்கும் உள்நாட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பல நூற்றாண்டுகளாகத் தெரிந்துவைத்திருப்பவர்கள் சாமி பழங்குடியினர். அவர்கள் வருஷத்தை எட்டுப் பருவமாகப் பிரிக்கிறார்கள். ஃபின்மார்க்கில் அவர்களுடைய கலைமான் மந்தைகள் கோடையில் கடலோரத்துக்கும் குளிர்காலத்தில் கவுட்டோகெய்னோ, காராஷோக் போன்ற உட்பகுதிகளுக்கும் இடம்பெயர்கின்றன. மென்மையான குளிர் இருக்கும் கடலோரத்தை விட்டு, கடுங்குளிர் இருக்கும் இடத்துக்குக் குளிர்காலத்தில் ஏன் போக வேண்டும்?

பனியின் தன்மைதான் காரணம். உள்நாட்டில் குளிர் கடுமையாகவும் வறண்டும் இருப்பதால் பனி பொடியாக, லேசாக இருக்கும். மான் குளம்பால் விலக்கி அடியில் தரையில் படர்ந்திருக்கும் பாசிபோன்ற லைக்கனைத் தின்றுவிடும். கடலோரத்தில் பனி உருகி, மழை விழுந்து, மறுபடி உறைந்து, தரையில் கண்ணாடிபோல ஐஸ் படிந்துவிடும். அதை உடைக்க மானால் ஆகாது. மானுக்குக் குளிர் ஒரு பொருட்டில்லை, பூஜ்யத்தைத் தாண்டித் தாண்டி வரும் வெப்பநிலைதான் ஆபத்து.

அந்தப் பூஜ்யக் கோடு இப்போது நகர்ந்துகொண்டிருக்கிறது. வடகிழக்கு மூலையில் பேரண்ட்ஸ் கடலைப் பார்த்து நிற்கும் வார்டோ நகரத்தில் முன்பு எந்த மாதத்தின் சராசரியும் 10 டிகிரியைத் தொட்டதில்லை; நார்வே நிலப்பரப்பில் ஆர்க்டிக் காலநிலை கொண்ட நகரம் என்று அதைச் சொல்வார்கள். 1991–2020 சராசரியில் அது அந்த 10 டிகிரியைச் சற்றே கடந்துவிட்டது. உள்நாட்டு மேய்ச்சல் நிலங்களிலும் நடுக் குளிர்காலத்தில் வெப்பம் ஏறி மழை விழுந்து, பிறகு உறைந்துபோகும் நாட்கள் வருகின்றன. அப்படி ஐஸ் பூட்டிய குளிர்காலங்களில் மந்தைக்காரர்கள் தீவனம் விலைக்கு வாங்கி, பனிவண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் மான்களுக்குப் போடுகிறார்கள்.